ஆப்பிரிக்கன் வயலட் செடியில் வெள்ளைப் பஞ்சு தெரிகிறதா?

இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சுத் துணுக்கு ஒட்டியதுபோல் இருந்தால், பெரும்பாலும் மாவுப்பூச்சிதான். அந்தத் தொட்டியை உடனே மற்ற செடிகளிடமிருந்து தள்ளி வையுங்கள்.

பஞ்சுக்குச்சியை 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, ஒவ்வொரு பூச்சியாகத் தொட்டு எடுங்கள். அதன் மேலுள்ள மெழுகை ஆல்கஹால் கரைத்துவிடும். வெறும் தண்ணீர் உருண்டோடிவிடும். ஆப்பிரிக்கன் வயலட்டின் இலையில் ரோமம் அதிகம். அதனால் ஓர் இலையில் மட்டும் தொட்டுப் பார்த்து, மறுநாள் கருகாமல் இருந்தால் தொடருங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். மணி பிளான்ட் போன்ற வழவழப்பான இலைகளுக்கு இவ்வளவு பயம் தேவையில்லை, துடைத்துவிடலாம்.

ஒரு தடவையோடு விட்டால் வீண் வேலை. முட்டைகள் ஒன்றிரண்டு வாரத்தில் பொரியும், ஆகவே வாரம் ஒருமுறை என்று ஒரு மாதமாவது செய்யுங்கள். எறும்பு ஊர்ந்தால் அதையும் விரட்டுங்கள். பூச்சி சுரக்கும் இனிப்புக்காக அது காவல் நிற்கும்.

மேலே ஒன்றும் இல்லாமலே செடி வாடுகிறதா? தொட்டியிலிருந்து உருவி வேரைப் பாருங்கள். அங்கே வெண்மாவு படிந்திருந்தால் மருந்தோடு மல்லுக்கட்டாமல், சுத்தமான இலை ஒன்றைக் காம்போடு கிள்ளிப் புதுமண்ணில் நட்டுவிட்டு, பழையதை மண்ணோடு அப்புறப்படுத்துவதே என் கட்சி.