கடைமடை ஃபீடரிலிருந்து ஓர் ஆய்வேடு: டெல்டாவின் மின்பொறியியல் முதுகலை மாணவர்களுக்கு

காவிரி டெல்டாவில் மின்பொறியியல் முதுகலை ஆய்வு செய்வதற்கு இடம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1929-இல் தொடங்கப்பட்ட சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகப் பிறந்து 2003-இல் பெயர் மாறிய திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகம், தஞ்சாவூர் திருமலைசமுத்திரத்தில் உள்ள சாஸ்த்ரா, செங்கிப்பட்டி அரசு பொறியியல் கல்லூரி எனத் திருச்சியிலிருந்து கடற்கரை வரை துறைகள் பரவிக் கிடக்கின்றன. ஆனால் இங்கே எழுதப்படும் ஆய்வேடுகளைப் புரட்டிப் பார்த்தால், வளாகச் சுவருக்கு அப்பால் வயல்வெளியில் ஓடும் மின்பாதையைப் பற்றியவை அரிதாகவே கண்ணில் படுகின்றன.

மின்பகிர்மானத்தில் ஆய்வு செய்ய வரும் மாணவர்களில் பலர் 33 பஸ் மாதிரியில், அதாவது 33 இணைப்புப் புள்ளிகள் (பஸ்) கொண்ட கணினிச் சோதனை மின்பாதையில், தொடங்குகிறார்கள். 1989-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றின் வழியாகப் பரவிய அந்த மாதிரியின் மின்னழுத்தம் 12.66 கிலோவோல்ட், மொத்தச் சுமை 3,715 கிலோவாட், இழப்பு ஏறத்தாழ 202.7 கிலோவாட். உலகம் முழுவதும் எத்தனையோ பேர் கெப்பாசிட்டரை எந்த பஸ்ஸில் வைத்தால் இந்த இழப்பு குறையும் என்று ஓநாயின் பெயரிலும் திமிங்கிலத்தின் பெயரிலும் வந்த அல்காரிதங்களைக் கொண்டு கணக்கிட்டுவிட்டார்கள். இன்னொரு விலங்கைக் கொண்டுவந்து அந்த 202.7-ஐ இன்னும் சிறிது குறைத்துக் காட்டுவதில் பட்டம் கிடைக்கலாம். புதிதாக ஒன்றும் தெரியவராது. அந்த மாதிரி பயனற்றது என்பதல்ல இதன் பொருள். நீங்கள் எழுதிய நிரல் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க அதைவிட நல்ல கருவி இல்லை. சோதித்து முடித்ததும் அதை வைத்துவிட்டு, உங்கள் ஊர் ஃபீடருக்கு (துணைமின் நிலையத்திலிருந்து கிளம்பும் மின்பாதைக்கு) போய்விட வேண்டும் என்பதே என் யோசனை.

கேள்வியை எங்கே தேடுவது

வாய்க்காலுக்கு இருப்பதுபோல மின்பாதைக்கும் தலைமடையும் கடைமடையும் உண்டு. டிரான்ஸ்பார்மருக்கு அருகில் இருப்பவருக்கு 415 வோல்ட் கிடைக்கும் அதே நேரத்தில், தாழ்வழுத்தப் பாதையின் கடைசிக் கம்பத்தில் மோட்டார் வைத்திருப்பவருக்கு அது வெகுவாகக் குறைந்திருக்கும். இண்டக்ஷன் மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மின்னழுத்தம் 80 சதவீதமாகும்போது முறுக்குவிசை 64 சதவீதமாகச் சரிகிறது. பம்ப் கேட்கும் திறனோ அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆகவே மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறுகிறது. இது பாடநூலில் உள்ளதுதான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு குறிப்பிட்ட டிரான்ஸ்பார்மரில், மே மாதத்தின் ஒரு பகல் பொழுதில், இது எவ்வளவு, எவ்வளவு நேரம், எத்தனை மோட்டார்களுக்கு என்பது எந்தப் பாடநூலிலும் இருக்காது. ஆய்வுக் கேள்வி அங்கேதான் இருக்கிறது.

இதைவிடச் சுவையான கேள்வி ஒன்றும் உண்டு. மும்முனை மின்சாரம் வரும் நேரம் போக, இருமுனை மட்டும் இருக்கும் நேரத்தில் கண்டன்சர் (கெப்பாசிட்டர்தான்) போட்டு மும்முனை மோட்டாரை ஓட்டும் வழக்கம் ஊரறிந்தது. மூன்று முனைகளும் சமமாக இல்லாதபோது தோன்றும் எதிர்த்திசைச் சுழற்சிக்கு மோட்டார் காட்டும் தடை (எதிர்வரிசை மின்மறுப்பு) மிகக் குறைவு. அதனால் மின்னழுத்தத்தில் 1 சதவீதச் சமனின்மை இருந்தாலே மின்னோட்டத்தில் அது 6 முதல் 10 மடங்கு வரை பெருகித் தெரியும். கண்டன்சர் போட்டவரின் மோட்டார் மட்டுமா பாதிக்கப்படுகிறது, அதே டிரான்ஸ்பார்மரில் உள்ள மற்றவர்களும் பாதிக்கப்படுகிறார்களா என்று அளந்து சொன்னால் அது ஒரு முழு எம்.இ. ஆய்வுக்குப் போதும்.

கேள்வியைக் கூர்மையாக்க, நூலகத்துக்குப் போகும் முன்பு மன்னார்குடியிலோ பட்டுக்கோட்டையிலோ காயில் கட்டும் பட்டறை ஒன்றில் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்திருங்கள். எரிந்த மோட்டாரைப் பிரித்ததும் காயில் தன் கதையைச் சொல்லிவிடும். மூன்று முனைச் சுற்றுகளும் ஒரே மாதிரி கருகியிருந்தால் அது நெடுநேர மிகைச்சுமை அல்லது குறைந்த மின்னழுத்தத்தின் வேலை. ஸ்டார் இணைப்பு மோட்டாரில் இரண்டு சுற்றுகள் கருகி ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தால், ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு முனை அறுந்திருக்கிறது என்று பொருள். டெல்டா (முக்கோண) இணைப்பாக இருந்தால் கருகியது ஒன்றாகவும் தப்பியது இரண்டாகவும் இருக்கும். எந்த மாதத்தில் எந்த வகை அதிகம் வருகிறது என்பது பட்டறைக்காரருக்கு நினைவிலேயே இருக்கும். சிலரிடம் நோட்டிலும் இருக்கும்.

பம்ப்செட்டில் ஆர்வம் இல்லாதவர்களுக்கும் டெல்டாவில் வேலை இருக்கிறது. உயரழுத்தப் பிரிவில் இருப்பவர்கள் வேதாரண்யம், நாகப்பட்டினம் கடற்கரையில் இன்சுலேட்டர்களின் மேல் படியும் உப்பை அளக்கலாம். இன்சுலேட்டரைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவி, அந்நீரின் மின்கடத்துதிறனிலிருந்து ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்று கணக்கிடும் முறை ஐ.இ.சி. (பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம்) 60815 தரத்தில் விரிவாக உள்ளது. வடகிழக்குப் பருவமழை உப்பைக் கழுவிவிடும் என்பதால் மாதிரி எடுக்கும் மாதத்தைப் பொறுத்து முடிவு தலைகீழாகும். அதை மறந்துவிடக் கூடாது. மின்கம்பங்களில் ஆர்வம் இருந்தால், 2018 நவம்பர் 16-இல் கரையைக் கடந்த கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்த பின் ஃபீடர்களை எந்த வரிசையில் மீட்டிருக்கலாம் என்பது இன்னமும் உயிருள்ள கேள்விதான். 2019-இல் வந்த பி.எம்.குசும் திட்டத்தின் சூரிய பம்புகளும் உண்டு. ஆனால் அதில் கூட்டம் அதிகம்.

நாட்காட்டி

எம்.இ. மாணவருக்குப் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் பருவங்களில்தான் திட்டப்பணி வருகிறது. அதாவது ஜூன், ஜூலையில் தொடங்கி அடுத்த கோடையில் முடிகிறது. வயலின் நாட்காட்டி வேறு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படுகிறது. அணை திறக்கும் முன்பே குறுவைக்கு நாற்றங்கால் விடுபவர்கள் நம்புவது பம்ப்செட்டைத்தான். எனவே மோட்டார்கள் மிக அதிகமாக ஓடும் மே, ஜூன் மாதங்களை அளக்க வேண்டுமானால், இரண்டாம் பருவத் தேர்வு முடியும் முன்பே வழிகாட்டியிடம் பேசி, கருவியையும் அனுமதியையும் கையில் வைத்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் போய் அளந்துவிட்டு ஃபீடரில் குறையே இல்லை என்று எழுதுவதற்கு ஆய்வு தேவையில்லை. மழைக்கால அளவீடு ஒப்பீட்டுக்கு மட்டும் உதவும்.

பிஎச்.டி. மாணவர்களுக்கு இந்த நெருக்கடி குறைவு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் குறைந்தது 3 ஆண்டு, பொதுவாக அதிகபட்சம் 6 ஆண்டு என்கின்றன. குறைந்தது 12 கிரெடிட் பாடங்களை முடிக்க வேண்டும். ஆய்வு ஆலோசனைக் குழு ஒவ்வொரு பருவமும் கூட வேண்டும். இரண்டு குறுவையையும் ஒரு சம்பாவையும் அளக்க அந்தக் கால அளவு தாராளமாகப் போதும்.

அனுமதியும் பேச்சும்

துறைத்தலைவரின் கடிதத்தோடு கோட்டச் செயற்பொறியாளரைப் பார்த்து, அவர் வழியாகப் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் போவதே முறை. 2024-இல் மின்வாரியத்தின் அமைப்பு மீண்டும் மாறி, பகிர்மானம் தனிக் கழகமாகிவிட்டதால், கடிதத்தில் முகவரி பழைய பெயரில் இருந்தால் அது மேசை மேசையாகச் சுற்றும். துணைமின் நிலையத்தில் மணிக்கொருமுறை எழுதும் ஆம்பியர் குறிப்பேட்டைப் படியெடுக்கவும் அதே கடிதத்தில் அனுமதி கேளுங்கள். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் கருவி பொருத்துவது வாரிய ஊழியர் லைன் கிளியர் எடுத்து (பாதையில் மின்சாரத்தை நிறுத்தி உறுதிசெய்துகொண்டு) செய்யும் வேலை. மாணவர் அதில் கை வைக்கவே கூடாது.

விவசாயிகளிடம் பேசுவது இதைவிட நுட்பமானது. தமிழகத்தில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பம்ப்செட் மின்சாரம் இலவசம், ஆகவே பெட்டியும் கம்பியுமாக யார் வயலில் இறங்கினாலும், "தம்பி, மீட்டர் வைக்க வந்திருக்கீங்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அந்தச் சந்தேகம் நியாயமானது. "இல்லைங்கய்யா, இது ஒரு வாரம் இருந்துட்டுப் போற கருவி, வோல்ட் எவ்வளவு வருதுன்னு பார்க்கத்தான்" என்று சொல்லி, திரையில் ஓடும் எண்களையும் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கண்டன்சர் போடுபவர்களின் பெயரோ சர்வே எண்ணோ குறிப்பேட்டில்கூட இருக்கக் கூடாது; மோட்டார்களுக்குக் குறியீட்டு எண் கொடுத்துவிடுங்கள்.

அளவீடு

5 எச்.பி. மோட்டார் முழுச் சுமையில் ஏறத்தாழ 7.5 ஆம்பியர் எடுக்கும். கம்பியைச் சுற்றிப் பூட்டி மின்னோட்டத்தை அளக்க, துறை ஆய்வகத்தில் கிடைக்கும் வளையும் கிளாம்ப் பெரும்பாலும் 1,000 ஆம்பியருக்கோ அதற்கு மேலோ ஆனது. அதைக் கொண்டு 7.5-ஐ அளந்தால் வருவதில் கணிசமான பகுதி இரைச்சலாக இருக்கும். சிறிய வீச்சுள்ள கிளாம்ப் கிடைக்காவிட்டால், வளையும் கிளாம்பைக் கம்பியின் மேல் மூன்று சுற்றாகச் சுற்றி, மதிப்பை மூன்றால் வகுத்துக்கொள்ளலாம். கிளாம்பின் மேலுள்ள அம்புக்குறி மோட்டாரை நோக்கி இருக்கிறதா, ஆர்-ஒய்-பி (சிவப்பு-மஞ்சள்-நீலம் என்ற மூன்று முனைகளின்) வரிசை மின்னழுத்த முனைகளோடு பொருந்துகிறதா என்று கொட்டகையை விட்டுக் கிளம்பும் முன் பார்க்க வேண்டும். ஏதேனும் ஒரு முனையின் திறன் எதிர்மதிப்பில் தெரிந்தால் அங்கேயே சரிசெய்துவிடலாம். கருவியின் கடிகாரத்தைக் கைப்பேசியோடு ஒத்துப் பார்த்து, வித்தியாசத்தைப் பொருத்தும்போதும் கழற்றும்போதும் எழுதி வையுங்கள். இல்லையென்றால் துணைமின் நிலையக் குறிப்பேட்டோடு உங்கள் தரவைப் பிறகு பொருத்தவே முடியாது.

மின்தர அளவீட்டுக்கான ஐ.இ.சி. 61000-4-30 தரம் பத்து நிமிடச் சராசரியைக் கையாள்கிறது. ஒரு வாரத்துக்கு 1,008 மதிப்புகள். நகர ஃபீடருக்கு இது போதும். விவசாய ஃபீடரில் ஒரு சிக்கல் உண்டு: பத்து நிமிட இடைவெளியின் நடுவில் இருமுனை மும்முனையாக மாறினால், அல்லது மின்சாரம் நின்று வந்தால், அந்தச் சராசரிக்குப் பொருளே இல்லை. அப்படிப்பட்ட இடைவெளிகளைத் தனியே குறித்து ஒதுக்கிவிட்டு, மும்முனை நேரம், இருமுனை நேரம், மின்தடை நேரம் என்று மூன்றாகப் பிரித்த பிறகே புள்ளியியலைத் தொடங்க வேண்டும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது சில வினாடிகள் விழும் மின்னழுத்தம் பத்து நிமிடச் சராசரியில் தெரியாது. அதற்கு நிகழ்வுப் பதிவைத் தனியே இயக்கி வைக்க வேண்டும்.

மாதிரி

அளந்ததை விளக்க ஒரு மாதிரி வேண்டும். 2008-இல் இலவசமாக வெளியிடப்பட்ட ஓபன்டிஎஸ்எஸ் என்ற மின்பகிர்மானக் கணக்கீட்டு மென்பொருள் சமனற்ற மூன்று முனைகளையும் தனித்தனியே கணக்கிடும் என்பதால் இந்த வேலைக்குப் பொருத்தமானது. கம்பத்துக்குக் கம்பம் நடந்து தூரத்தையும் கம்பியின் வகையையும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கம்பிகளுக்கும் விலங்குப் பெயர்தான்: வீசல் கிலோமீட்டருக்கு 0.93 ஓம், ராபிட் 0.55 ஓம். இவை 20 டிகிரிக்கான மதிப்புகள். மே மாத வெயிலில் சுமையோடு 60 டிகிரிக்குப் போகும் அலுமினியக் கம்பியின் தடை ஏறத்தாழ 16 சதவீதம் கூடும். இதைச் சேர்க்காமல், மாதிரி அளவீட்டோடு பொருந்தவில்லை என்று வாரக்கணக்கில் நிரலில் பிழை தேடுபவர்கள் உண்டு. ஒரு வாரத் தரவில் மாதிரியைச் சரிப்படுத்தி, வேறொரு வாரத் தரவில் சோதியுங்கள். இரண்டுக்கும் ஒரே வாரத்தைப் பயன்படுத்தினால் தேர்வாளர் அதைத்தான் முதலில் பிடிப்பார்.

இதற்குப் பிறகு அல்காரிதம் வரட்டும். கெப்பாசிட்டரை எங்கே வைப்பது, சுமையை முனைகளுக்கிடையே எப்படிப் பிரிப்பது, டிரான்ஸ்பார்மரைக் கடைமடைக்கு நகர்த்தினால் என்ன கிடைக்கும் என்ற கேள்விகளுக்கு அது விடை தரும். பத்துப் பதினைந்து கம்பங்கள் உள்ள பாதைக்கு எல்லா வாய்ப்புகளையும் ஒவ்வொன்றாகக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். அப்போது ஓநாய்க்கு வேலை இருக்காது. அதை ஆய்வேட்டில் அப்படியே எழுதுவதில் கூச்சம் வேண்டாம்.

எழுத்தும் வாய்மொழித் தேர்வும்

எழுதும்போது அளவீட்டு அத்தியாயத்தை முதலில் எழுதுங்கள். முன்னுரை கடைசியில் தானாக வந்துவிடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி பிற நூல்களோடு 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை என்பது ஒரு வரம்பு மட்டுமே; இலக்காகக் கொள்ளத்தக்கது அல்ல. முந்தைய ஆய்வேடுகளை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்கா தளத்தில் தேடிப் படித்து, அவை நிறுத்திய இடத்தை ஒரு பத்தியில் சொல்லுங்கள்.

வாய்மொழித் தேர்வில் உங்கள் வரைபடங்களைவிட உங்கள் கருவியைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். அளவுத்திருத்தச் சான்றிதழ், கிளாம்பின் துல்லியம், ஒதுக்கப்பட்ட இடைவெளிகளின் எண்ணிக்கையும் காரணமும் ஆகியவற்றைப் பின்னிணைப்பில் வைத்துவிடுங்கள். மூலத்தரவைப் பெயர்கள் நீக்கித் துறையின் சர்வரில் ஒப்படையுங்கள். எந்த டிரான்ஸ்பார்மரில் எந்த முனைக்குச் சுமை அதிகம், எந்த நேரத்தில் வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, பிரிவு அலுவலகத்திலும் கருவி வைக்க இடம் கொடுத்த விவசாயிகளிடமும் கொடுங்கள். சுமையை முனை மாற்றிச் சமன்செய்வது பிரிவு அலுவலகத்தாலேயே முடியும் வேலை. அதற்கு அவர்களிடம் இல்லாதது அந்த ஒரு பக்கம்தான்.