‘வொரிட்’டா, ‘வொரியிங்’கா? கவலையை ஆங்கிலத்தில் எழுதும்போது நேரும் தவறுகள்

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று விடுப்பு கேட்டு நண்பர் ஒருவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினார். அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். ‘மை ஃபாதர்ஸ் கண்டிஷன் இஸ் வெரி வொரிட்’ என்று ஒரு வரி. மற்றதெல்லாம் நன்றாகவே இருந்தது, அந்த வரியில் மட்டும் கை வைக்க வேண்டியிருந்தது. உடல்நிலை எப்படிக் கவலைப்படும்? கவலைப்படுவது மகன்தானே.

இதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ‘எனக்குக் கவலையாக இருக்கிறது’ என்கிறோம். ‘அவன் போகிற போக்கு கவலையாக இருக்கிறது’ என்றும் சொல்கிறோம். கவலைப்படுகிறவருக்கும் கவலை தருகிற விஷயத்துக்கும் தமிழில் ஒரே ‘கவலையாக’ போதும். ‘எனக்கு’ என்பதிலுள்ள ‘கு’ யாருடைய கவலை என்று காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் சொல்லின் வால் மாற வேண்டும். கவலைப்படுகிற ஆள் ‘வொரிட்’. கவலை தருகிற விஷயம் ‘வொரியிங்’ அல்லது ‘வொரிசம்’. சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ‘கவலைப்படுகிற’, ‘கவலை தருகிற’ இரண்டையும் தமிழில் வைத்துப் பாருங்கள். கவலைப்படுகிற செய்தி என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆகவே ‘வொரிட் நியூஸ்’ கிடையாது. ஆனால் ‘வொரிட் லுக்’ சரி. பார்வை ஒரு மனிதருடையது, அவருடைய கவலைதான் அதில் தெரிகிறது.

தலைகீழாகவும் தவறுவதுண்டு. ‘ஐ ஆம் வெரி வொரியிங்’ என்று எழுதினால், நான் மற்றவர்களுக்குக் கவலை தருகிற ஆள் என்று பொருளாகிவிடும்.

‘வொரிசம்’ என்பதில் வரும் ‘சம்’ பழைய ஆங்கிலத்திலிருந்து வரும் விகுதி. தொல்லை தருவது ‘டிரபிள்சம்’, அலுப்பூட்டுவது ‘டயர்சம்’, அந்த வரிசைதான் இதுவும். ‘வொரி’யின் கடைசி எழுத்தான ஒய்யை அப்படியே விட்டு எழுதுவது இதில் அடிக்கடி நேரும் எழுத்துப்பிழை, அது ஐயாக மாற வேண்டும். உச்சரிப்பிலும் ஒரு விஷயம்: ‘வொரி’ என்று நாம் எழுதினாலும் அது ‘சாரி’யோடு ஒலிக்காது, அவசரத்தைக் குறிக்கும் ‘ஹரி’யோடுதான் ஒலிக்கும். அப்புறம், ‘வொரிசம்’ அமெரிக்கர்கள் அதிகம் எழுதும் சொல். பிரிட்டிஷ் நடையில் ‘வொரியிங்’தான் இயல்பு. இரண்டும் சரி. ஆனால் ஒருவரை ‘வொரிசம்’ என்று சொல்லும்போது கவனம் தேவை. சதா கவலைப்படுகிறவர் என்ற பொருளும் அகராதியில் உண்டு என்றாலும், பிறருக்குக் கவலை தருகிறவர் என்றே பெரும்பாலோர் படிப்பார்கள்.

எனக்கு அதிக வேலை வைப்பது ‘கன்சர்னிங்’. கவலை தருகிற என்ற பொருளில் இப்போது எங்கும் பார்க்கிறோம்; அகராதிகளும் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆனால் அதற்கு ‘பற்றிய’ என்ற பொருளும் உண்டு. ‘எ ரிப்போர்ட் கன்சர்னிங் வாட்டர்’ என்றால் தண்ணீர் பற்றிய அறிக்கை, அவ்வளவுதான். அதையே ‘தி ரிப்போர்ட் இஸ் கன்சர்னிங்’ என்று முடித்தால், எதைப் பற்றியது என்று அடுத்த சொல்லைத் தேடுகிறவர்களும் உண்டு. அலுவலகக் கடிதம் என்றால் நான் ‘வொரியிங்’ என்று மாற்றிவிடுவேன். ‘டிஸ்கன்சர்ட்டிங்’ இதன் உறவு போலத் தோன்றும், ஆனால் அதன் பொருள் வேறு: மனதைக் குலைக்கிற, தடுமாற வைக்கிற.

‘கன்சர்ண்ட்’ அதைவிட வழுக்கும். சம்பந்தப்பட்ட அதிகாரி என்று நினைத்து ‘தி கன்சர்ண்ட் ஆபீசர்’ என்று நாம் எழுதுகிறோம். நம் அலுவலகங்களில் அது புரிந்துவிடும். வெளிநாட்டில் படிக்கிறவர் கவலையில் இருக்கும் ஓர் அதிகாரியைக் கற்பனை செய்துகொள்வார். ‘தி ஆபீசர் கன்சர்ண்ட்’ என்று பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் போட்டால்தான் சம்பந்தப்பட்ட அதிகாரி. அதேபோல் ‘கன்சர்ண்ட் அபௌட்’ என்றால் கவலை, ‘கன்சர்ண்ட் வித்’ என்றால் தொடர்பு.

இன்னொரு தவறு தமிழிலிருந்து போகிறவர்களுக்கே உரியது. செய்திகளில் ‘உடல்நிலை கவலைக்கிடம்’ என்று படிக்கிறோம். சொல்லுக்குச் சொல் வைத்து அதை ‘வொரிசம்’ என்று மொழிபெயர்க்கிறார்கள். ஆனால் கவலைக்கிடம் என்றால் உயிருக்கே ஆபத்து என்றுதான் நாம் புரிந்துகொள்கிறோம். மருத்துவமனை ஆங்கிலத்தில் அதற்குச் சொல் ‘கிரிட்டிக்கல்’. ‘வொரிசம்’ என்று படித்த உறவினர், அடுத்த வாரம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக்கூடும். மாற்றிப் போட்டாலும் வம்பு: சாதாரணக் கவலைக்கு ‘கிரிட்டிக்கல்’ என்று எழுதினால் வீடே பதறிப்போகும்.

நண்பரிடம் நான் கேட்டதும் இதைத்தான். அப்பாவுக்குக் கவலைக்கிடமா, இல்லை கவலையாக இருக்கிறதா? நான்கு நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை, சாப்பிட மறுக்கிறார், வேறொன்றுமில்லை என்றார். ‘கண்டிஷன்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டு, காய்ச்சலையும் சாப்பாட்டையும் முதலில் எழுதி, அதன் கீழே ‘ஐ ஆம் வொரிட் அபௌட் ஹிம்’ என்று சேர்த்து அனுப்பினோம்.