வீட்டு பீர் தயாரிப்பு: பெரிய மின் கொதிகலனுக்கு மாறுவது எப்படி?

வீட்டில் பீர் காய்ச்சுபவர் பெரிய மின் கொதிகலனுக்கு மாறும்போது, பாத்திரத்தின் கொள்ளளவுக்கு முன்பாக மின் இணைப்பின் திறனைத்தான் பார்க்க வேண்டும். 50 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி செல்சியஸிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 4.4 யூனிட் மின்சாரம் தேவை. வெப்ப இழப்பைச் சேர்க்காமலேயே 2,500 வாட் ஹீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரமும், 5,500 வாட் ஹீட்டருக்கு முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேலும் ஆகும். ஆனால் 240 வோல்ட்டில் இந்தப் பெரிய ஹீட்டர் சுமார் 23 ஆம்பியர் இழுக்கும் என்பதால், அதைச் சாதாரண பிளக்கில் செருகவே கூடாது. தகுதிபெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு தனி வயர், பொருத்தமான பிரேக்கர், முறையான எர்த், மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகியவற்றை அமைத்த பிறகே கொதிகலனை வாங்குங்கள். ஈரமும் மின்சாரமும் அருகருகே புழங்கும் வேலையில் சிக்கனம் பார்ப்பது ஆபத்து.

ஒரே வாட் கொண்ட ஹீட்டர்களில் பரப்பு அதிகமுள்ளதே நல்லது. சிறிய பரப்பில் சூடு குவிந்தால், வோர்ட்டில் (பீராக நொதிக்கும் முன் உள்ள இனிப்பான தானியச் சாறு) உள்ள சர்க்கரை ஹீட்டர் குழாயில் பழுப்பாக ஒட்டிக் கருகும். அந்தத் தீய்ந்த வாடை பீர் முழுவதும் இறங்கிவிடும், பிறகு எதைச் செய்தும் போகாது.

கொதிக்கும்போது மணிக்குச் சில லிட்டர் ஆவியாகும் என்பதால் எக்ஸாஸ்ட் ஃபேன் அவசியம். குளிர்விக்கும் சுருளும் ஈஸ்ட்டின் அளவும் கொள்ளளவுக்கேற்பக் கூட வேண்டும். கொதிக்கும் வோர்ட்டைத் தூக்கி ஊற்றாமல், சூடு தாங்கும் பம்ப்பால் மாற்றுங்கள்.

முதல் முறை வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்று அளந்துகொண்டு, செய்முறையில் தண்ணீரின் அளவை அதற்கேற்பத் திருத்துங்கள்.