ஜிபிஎல் மூலநிரல்: கொடுத்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

லினக்ஸ் ஓடும் ரூட்டர், கேமரா, செட்-டாப் பாக்ஸ் என்று முதல் சரக்கைச் சந்தைக்கு அனுப்பும் குழுக்கள் வரிசையாக ஒரே பள்ளத்தில் விழுகின்றன. லினக்ஸ் வெளியாவது ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில்: அதை வைத்து விற்பவர் அதன் மூலநிரலையும் (மனிதர் எழுதிய நிரலை) கிடைக்கச் செய்யவேண்டும். அந்த உரிமத்தைப் படிக்காமலே விற்பவர்களை விட்டுவிடுவோம். படித்தும் சறுக்குகிறவர்களுக்குத்தான் இது.

கர்னல் டாட் ஆர்க் இணைப்பைக் காட்டுவது

எரிச்சலின் உச்சம் இதுதான்: மூலநிரல் கேட்டவருக்கு, லினக்ஸின் மையமான கர்னலை வெளியிடும் பொதுத் தளத்தைக் காட்டிவிடுவது. பெட்டிக்குள் இருப்பது அங்கே கிடைக்கும் லினக்ஸ் இல்லை. சிப் நிறுவனம் பேட்ச் (திருத்தங்கள்) போட்டு, அதன்மேல் உங்கள் ஆள் இரண்டு டிரைவரை (வன்பொருளை இயக்கும் நிரலை) திருத்திய லினக்ஸ். லினக்ஸ் கர்னலுக்குரிய இரண்டாம் பதிப்பான ஜிபிஎல் 2-இன் 3-ஆம் பிரிவு கேட்பது, விற்ற பைனரிக்கு (கணினி இயக்கும் வடிவத்துக்கு) பொருந்தும் முழு மூலநிரலை. கம்பைல் செய்யவும் (பைனரியாக மாற்றவும்) நிறுவவும் பயன்பட்ட ஸ்கிரிப்ட்களும் அதில் அடக்கம். ஆக பேட்ச்கள், கர்னலின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பு, கட்டளைத் தொகுப்பான பிஸிபாக்ஸ், பெட்டியைத் தொடக்கிவைக்கும் யூ-பூட், பில்ட் விதிகள் எழுதிய மேக்ஃபைல்கள் எல்லாமே வேண்டும்.

கேட்டு மின்னஞ்சல் வந்தபின் தேடினால் சிக்காது. சிப் நிறுவனம் தந்த எஸ்டிகேயின் (மென்பொருள் கருவித்தொகுப்பின்) எந்தப் பதிப்பு என்று தெரியாது. பில்ட் செய்தவர் வேலையை விட்டிருப்பார். அவர் கையால் செய்த திருத்தம் கிட்டில் (நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் அமைப்பில்) ஏறியே இருக்காது. அதனால் ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஏறும் மென்பொருள்) வெளியாகும் அன்றே மூலநிரல் முழுவதையும் கட்டிய டார் கோப்பையும் தயாரியுங்கள். இணையம் துண்டித்த புதிய கணினியில், ரீட்மீ கோப்பில் குறித்த டூல்செயினை (கம்பைல் செய்யும் கருவிகளை) மட்டும் போட்டு, அதை விரித்து பில்ட் செய்யுங்கள். முடியவில்லையா, வெளியீட்டை நிறுத்துங்கள். ஃபர்ம்வேரைக் கட்டித்தரும் பில்ட்ரூட்டில் 'மேக் லீகல்-இன்ஃபோ' என்ற கட்டளை பாதி வேலையை முடித்துவிடும். ஆனால் பில்ட்ரூட்டின் சொந்த மூலநிரலை அது சேர்க்காது. அதை அதுவே ரீட்மீயில் எழுதியும் வைக்கும். திறந்து பார்ப்பவர்தான் இல்லை.

2003-இல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை வெளியாட்கள் கண்டுபிடித்த பிறகே மூலநிரல் வெளிவந்தது. ரூட்டர்களுக்கான திறமூல அமைப்பான ஓப்பன்டபிள்யூஆர்டி முளைத்தது அதிலிருந்துதான். அதோடு ஓயவில்லை: லிங்க்சிஸை வாங்கிய சிஸ்கோ மீது 2008-இல் ஜிபிஎல்லை வெளியிடும் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் வழக்குத் தொடுத்தது, மறு ஆண்டு சமரசத்தில் முடிந்தது.

சப்ளையரின் கடிதத்தைக் கைமாற்றுவது

'கேட்டால் மூலநிரல் தருவோம்' என்று சப்ளையர் எழுதிய கடிதத்தை அப்படியே வாடிக்கையாளரிடம் நீட்டுவது, இறக்குமதி செய்து பெயர் மாற்றி விற்பவர்களின் பழக்கம். அப்படிக் கைமாற்ற ஜிபிஎல் 2-இன் 3-சி பிரிவு தரும் சலுகை வணிகமற்ற விநியோகத்துக்கு மட்டுமே. மூலநிரலைக் கூடவே தராதவர் தன் பெயரில் எழுத்து உறுதி தரவேண்டும்: குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு, வாடிக்கையாளரே அல்லாதவர் கேட்டாலும், அனுப்பும் செலவுக்கு மேல் வாங்காமல். கணக்கைக் கடைசிப் பெட்டி விற்ற நாளிலிருந்து போடுங்கள்.

எம்ஐடி என்றால் கடமை இல்லையா?

எம்ஐடி இன்னொரு திறமூல உரிமம்; அது மூலநிரலைக் கேட்காது. ஆனாலும் பதிப்புரிமை வரியும் உரிம வாசகமும் கூடவே போகவேண்டும்.

'யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்'

ஜிபிஎல் 2-ஐ மீறினால் 4-ஆம் பிரிவின்படி உங்கள் உரிமை தானாகவே பறிபோகும். முதல்முறை மீறியவர் 30 நாளில் சரிசெய்துகொள்ளும் வழி 2007-இல் வந்த 3-ஆம் பதிப்பில்தான் உண்டு. லினக்ஸ் கர்னல் எழுதுபவர்களில் பலர் 2017-இல் தங்கள் நிரலுக்கும் அந்த அவகாசத்தை அறிவித்தார்கள். பலர்தான், எல்லாரும் இல்லை.