காந்தத்துக்கு ஓடுது, டார்ச் அடிச்சா மின்னுது: அது மட்டும் போதாது

மண்டபத்தில் ஒதுங்கிய கட்டக்கோரைப் பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருளை எடுத்து, அதைப் பூசி, ஒளிரும் சாயமும் ஏற்றிய மேக்னடைட் (காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு) நானோ துகளோடு வந்தாள் எம்.எஸ்சி. படிக்கும் பிள்ளை ஒருத்தி. "காந்தத்துக்கு ஓடுது சார், யூவி டார்ச் அடிச்சா பச்சையா மின்னுது!"

குப்பியின் பக்கத்தில் நியோடிமியம் காந்தத்தை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கறுப்பெல்லாம் சுவரில் ஒட்டிக்கொண்டது. டார்ச் அடித்தால் மின்னியது கறுப்பு அல்ல, மிச்சமிருந்த தெளிந்த நீர். சாயம் துகளில் ஏறவே இல்லை.

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். காந்தத்தால் பிரித்து, மேல்நீரை இறுத்துவிட்டு, அது மின்னாமல் போகும்வரை கழுவுங்கள். இல்லாவிட்டால், துகளை உயிருள்ள செல்லில் சோதிக்கும்போது உள்ளே போனது துகளா, கழன்ற சாயமா என்று நுண்ணோக்கியில் பார்த்தும் பிரித்தறிய முடியாது.

சாயத்தை வேதிப்பிணைப்பில் கட்டி, கழுவி, மறுவாரம் வந்தாள். இப்போது எதுவுமே மின்னவில்லை! மேக்னடைட் கறுப்பு, சாயத்தைத் தூண்டும் ஒளியையும் குடிக்கும், சாயம் உமிழ்வதையும் குடிக்கும். சாயம் அதை ஒட்டியே இருந்தால், ஒளியாக வெளிவர வேண்டிய ஆற்றல் நேரே இரும்பு ஆக்சைடுக்குத் தாவிவிடும். நடுவில் சில நானோமீட்டருக்கு சிலிக்கா உறை வேண்டும். துகள்மேல் சிலிக்கா படியவைக்க, 1968-இல் வந்த ஸ்டோபர் முறையே போதும். அதற்காகத் தடியாகப் பூசினால் துகளில் இரும்பின் பங்கு குறைந்து, காந்தத்துக்கு மந்தமாக நகரும். சாயத்தை அள்ளிக் கொட்டுவதும் வீண். மூலக்கூறுகள் நெருங்கினால் ஒன்றின் ஒளியை ஒன்று அணைக்கும்.

காய்ச்சி வடித்த நீரில் மட்டும் சோதித்துவிட்டு 'நிலையாக இருக்கிறது' என்று எழுதாதீர்கள். உடலுக்கு ஏற்றும் உப்புநீரிலேயே லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நம் கடலில் சுமார் 35. உப்பு பட்டதும் மின்னேற்றத்தின் விலக்கல் தளர்ந்து துகள்கள் திரளும். ஆல்ஜினேட் பூச்சுக்குக் கால்சியமும் பகை. துகளோடு துகளை ஜெல்லாகக் கட்டிவிடும். இரத்தத்திலும் கால்சியம் உண்டு.

பாசியைச் சரியாகச் சுத்திகரிக்காவிட்டால் பச்சையம் 680 நானோமீட்டர் பக்கம் தானே சிவப்பாக ஒளிரும். ஆகவே சாயமில்லாத துகளையும் கூடவே அளக்க வேண்டும். சாயத்துக்குப் பதில் காட்மியம் கலந்த குவாண்டம் புள்ளிகள் (தாமே ஒளிரும் நானோ படிகங்கள்) பளிச்சென்று இருக்கும்தான். ஆனால் காட்மியம் நச்சு; உடலுக்குள் போகும் வேலைக்கு நான் தொடமாட்டேன்.

குப்பியை ஜன்னலோரம் வைத்திருந்தாள். பாம்பன் வெயிலில் சாயம் வெளுத்துவிடும். அலுமினியத் தாள் சுற்றிக் கையில் கொடுத்து அனுப்பினேன்.