வெள்ளைக் கோல் தெரிந்தால் ஹாரனைத் தொடாதீர்கள்

கலிபோர்னியாவில் லைசென்ஸுக்காக டிஎம்வி (மோட்டார் வாகனத் துறை) கையேட்டைப் புரட்டுபவர்கள் வேகமாகத் தாண்டிவிடும் பகுதி இது. வெள்ளைக் கோலோ வழிகாட்டி நாயோ வைத்திருக்கும் பார்வையற்றவருக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும். வாகனச் சட்டம் 21963-ஆம் பிரிவு. மீறினால் வெறும் டிராஃபிக் டிக்கெட்டோடு போகாது. 'மிஸ்டிமீனர்' எனும் குற்ற வழக்கு. 500 முதல் 1,000 டாலர் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை கவுண்டி சிறை, அல்லது இரண்டும். விசா படிவத்தில் கைது, தண்டனை பற்றிய கேள்வி உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

தள்ளி நிறுத்துவதுதான் மரியாதை என்று தோன்றும். ஆனால் உங்கள் வண்டி நிற்பதை அவர் காதால்தான் அறிகிறார். அதனால் கிராஸ்வாக்குக்கு (நடப்பவர் சாலையைக் கடக்கும் இடம்) ஐந்தடிக்குள் வந்து நிறுத்தச் சொல்கிறது கையேடு. கோட்டின் மேல் ஏறிவிடாதீர்கள். வண்டியைச் சுற்றிப் போகும்போது அவருக்குத் திசை தப்பி, ஓடும் வண்டிகளுக்குள் போய்விடலாம். (விஸ்கான்சினில் கணக்கே வேறு: பத்தடிக்கு முன்பே நிற்க வேண்டும். மாநிலம் மாறினால் கையேட்டையும் மாற்றிப் படியுங்கள்.) ஹாரன், "போங்க போங்க" என்ற குரல் இரண்டும் வேண்டாம், ஹாரன் யாருக்கு அடித்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? கோலை உள்ளிழுத்து ஓரடி பின்வாங்கினால் இப்போது கடக்கவில்லை என்று பொருள். நீங்கள் கிளம்பலாம்.

அதிகம் தவறுவது சிவப்பு விளக்கில் நின்றுவிட்டு வலது பக்கம் திரும்பும்போது. இடைவெளி தேடிக் கண் இடப்பக்கமே இருக்கும். நடப்பவரோ வலது மூலையில் காலை எடுத்து வைத்திருப்பார். முழுதாக நின்று, வலப்பக்கம் பார்த்துவிட்டுத் திருப்புங்கள். மின்சாரக் கார் என்றால் இரட்டிப்புக் கவனம், சத்தம் குறைவாகத்தான் வரும்.

காது கேளாதவரிடம் கோல் போன்ற அடையாளம் எதுவும் இருக்காது. அவர்களுக்குப் பொதுவான 21950-ஆம் பிரிவுதான் காவல்: கிராஸ்வாக்கில் நடப்பவர் எவருக்கும் வழிவிட வேண்டும். கோடு போடாத சந்திப்புகளிலும் பெரும்பாலும் கிராஸ்வாக் இருப்பதாகவே சட்டம் கொள்கிறது. புதிதாக வருபவர்கள் இதைத்தான் நம்ப மறுக்கிறார்கள். பக்கத்து லேன் வண்டி கிராஸ்வாக் முன் நின்றிருந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள், 21951 தடுக்கிறது. ஹாரன் அடித்தால் விலகிவிடுவார் என்ற கணக்கு காது கேளாதவரிடம் பலிக்காது.

டிக் டிக் என்று ஒலிக்கும் சிக்னல் பொத்தானில் உள்ள அம்புக்குறி, கடக்கும் நேரம் வந்ததும் அதிரும். பார்வையும் செவியும் இல்லாதவர் அதில் விரல் வைத்துக் காத்திருப்பார். அவர் கையைத் தட்டிவிட்டு நீங்கள் அழுத்தாதீர்கள்.