பிங் வருகிறதே என்று நம்பாதீர்கள்: வீட்டு விபிஎன் சிக்கலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் இரவு பத்து மணிக்கு அழைத்தார். "அண்ணா, விபிஎன் கனெக்ட் ஆயிடுச்சு. பிங் போட்டா பதிலும் வருது. ஆனா ஃபைல் மட்டும் இறங்க மாட்டேங்குது. ரூட்டரை மாத்திடட்டுமா?"

விபிஎன் என்பது வீட்டிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும் பூட்டிய பாதை. பிங் என்பது மறுமுனைக் கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்க அனுப்பும் சின்னச் சோதனைச் செய்தி. சில வருடங்களுக்கு முன் இதே இடத்தில் நின்று நான் ரூட்டரை மாற்றினேன். பணம் போனது, சிக்கல் போகவில்லை. இந்தச் சில மாதங்களில் இதே கேள்வியோடு வரும் மூன்றாவது ஆள் அவர். அதனால் எழுதிவைக்கிறேன். கடவுச்சொல் தப்பு, வைஃபை அணைந்திருக்கிறது போன்றவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சின்ன பிங்கை வைத்துப் பாதை சரி என்று முடிவுகட்டுவது

எனக்கு இன்றும் எரிச்சல் தரும் தவறு இதுதான்.

அப்போது எனக்கு நடந்தது இப்படி. வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் இணையும். அலுவலகத் தளத்தின் உள்நுழைவுப் பக்கம் வரும், உள்ளே போனதும் வெள்ளைத் திரை. தொலைவிலிருக்கும் சர்வரின் டெர்மினலில் நுழைய முடியும், சின்னக் கட்டளைகள் ஓடும். கோப்புகளின் நீளமான பட்டியலைக் கேட்டால் அப்படியே உறைந்துவிடும். பிங் மட்டும் ஒன்றுகூடத் தவறாமல் வரும். போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டால் எல்லாமே வேலை செய்யும். சரி, வீட்டு ரூட்டர்தான் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கினேன். அதிலும் அதே வெள்ளைத் திரை. இணைய நிறுவனத்துக்குத் திரும்பத் திரும்ப அழைத்தேன். லைன் நன்றாக இருக்கிறது என்றார்கள், அது உண்மைதான். மூன்று வாரம் இப்படியே ஓடியது. ஒப்படைக்க வேண்டிய ஒரு வேலையும் அதில் தவறிப்போனது.

கடைசியில் நெட்வொர்க் பிரிவில் இருந்த ஓர் அக்கா கேட்டார்: "எத்தனை பைட்ல பிங் போட்டே?"

விண்டோஸில் பிங் சுமக்கும் தரவு 32 பைட். லினக்ஸிலும் மேக்கிலும் 56. ஒரு கோப்பை இறக்கும்போது வரும் பாக்கெட்டுகளோ, அதாவது தரவுத் துண்டுகளோ, 1500 பைட்டை ஒட்டியவை. சைக்கிள் போகிறது என்பதற்காக அந்தச் சந்தில் லாரியும் போகும் என்று நான் நம்பியிருந்தேன்.

கணக்கு எளிது. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு பொதுவாக 1500 பைட், இதைத்தான் எம்டியூ என்கிறோம். பயனர்பெயர், கடவுச்சொல் கேட்கும் பிபிபிஓஇ இணைப்பாக இருந்தால் அது 8 பைட்டை எடுத்துக்கொள்ளும், மீதி 1492. விபிஎன் ஒவ்வொரு பாக்கெட்டையும் இன்னொரு உறையில் போட்டு அனுப்புகிறது. வயர்கார்டின் உறை ஐபிவி4 (பழைய இணைய முகவரி முறை) வழியே போனால் 60 பைட், ஐபிவி6 (புதிய முறை) வழியே போனால் 80 பைட். அதனால்தான் அதன் வழக்கமான எம்டியூ 1420. என் வீட்டு லைன் பிபிபிஓஇ, சர்வரை அடைந்தது ஐபிவி6 வழியாக. 1420-உம் 80-உம் சேர்ந்தால் 1500. வாசலின் அகலம் 1492. வெறும் எட்டு பைட் இடித்துக்கொண்டிருந்தது.

பாக்கெட் பெரிதாக இருந்தால் வழியில் உள்ள ரூட்டர் "இது நுழையாது, சிறிதாக்கி அனுப்பு" என்று அனுப்பியவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். அந்தத் தகவல் ஐசிஎம்பி வழியாகப் போகும், பிங் போவதும் அதே முறையில்தான். பாதுகாப்பு என்று நினைத்து ஐசிஎம்பியை மொத்தமாக அடைத்துவைக்கும் ஃபயர்வால்கள் நிறைய. எங்கள் சர்வர் முன்னால் இருந்ததும் அப்படித்தான். என் பிங் விபிஎன் உறைக்குள் போனதால் மட்டும் தப்பியது. சர்வர் பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது, ஒன்றுகூட வந்து சேரவில்லை. பிழைச்செய்தி எங்குமே வராது. ரூட்டரைப் புதிதாக மாற்றினாலும் லைன் அதே 1492 தானே!

சோதிப்பது இப்படி. விபிஎன் இணைந்த நிலையில் அந்தப் பக்கத்துக் கணினி ஒன்றுக்கு, 'துண்டாக்காதே' என்ற தெரிவோடு, 1392 பைட் அளவில் பிங் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். பதில் வரத் தொடங்கும் எண்ணோடு 28-ஐக் கூட்டுங்கள்: ஐபி தலைப்புக்கு 20, ஐசிஎம்பிக்கு 8. எனக்கு 1380-இல் வந்தது, கூட்டினால் 1408. கொஞ்சம் ஓரம் விட்டு வயர்கார்டு அமைப்பில் எம்டியூவை 1400 என்று எழுதினேன். வெள்ளைத் திரை அத்தோடு போனது.

பிங்கே அனுமதிக்காத இடமென்றால் எம்டியூவை 1280 என்று போட்டுப் பாருங்கள். ஐபிவி6 இயங்கத் தேவையான குறைந்தபட்ச அளவு அது, பெரும்பாலும் எங்கும் நுழைந்துவிடும். அதில் எல்லாம் திறந்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. வேகத்தில் சிறிது குறையலாம், கவனிக்கும்படி இருக்காது. நீங்கள் வைத்திருப்பது ஓபன்விபிஎன் என்ற இன்னொரு விபிஎன் மென்பொருள் என்றால் எம்எஸ்எஸ்ஃபிக்ஸ் என்ற அமைப்பைக் குறைக்க வேண்டும்.

தம்பியிடமும் அக்கா கேட்ட கேள்வியைத்தான் கேட்டேன். பத்து நிமிடத்தில் ஃபைல் இறங்கியது.

வீட்டிலும் அலுவலகத்திலும் ஒரே முகவரி வரிசை

விபிஎன் இணைகிறது, அலுவலகக் கணினி ஒன்றுகூடத் தெரியவில்லை, பிங்கும் இல்லை. அப்படியானால் முதலில் இதைப் பாருங்கள். வீட்டு ரூட்டர்கள் பெரும்பாலும் 192.168.0 அல்லது 192.168.1 என்ற வரிசையோடுதான் பெட்டியிலிருந்து வருகின்றன. அலுவலகமும் அதையே வைத்திருந்தால், 192.168.1.20 என்ற ஃபைல் சர்வரை உங்கள் கணினி வீட்டுக்குள்ளேயே தேடும். அங்கே அந்த எண்ணில் உங்கள் பிரிண்டர் இருக்கலாம். விபிஎன் பக்கம் ஒரு பாக்கெட்டும் போகாது.

வீட்டு ரூட்டரின் வரிசையை யாரும் எளிதில் நினைக்காத ஒன்றாக மாற்றுங்கள், 10.83.47 என்பது போல. தனிப்பட்ட நெட்வொர்க்குகளுக்கென்று 10-இல் தொடங்கும் வரிசை முழுவதும் ஒதுக்கப்பட்டிருக்கிறது, இடத்துக்குப் பஞ்சமில்லை. மாற்றிய பிறகு நிலையான முகவரி கொடுத்துவைத்த கருவிகளை மறந்துவிடாதீர்கள்.

பச்சை விளக்கை நம்புவது

வயர்கார்டு செயலியில் 'செயலில் உள்ளது' என்று வந்தாலே இணைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மறுமுனை இருக்கிறதா என்று கேட்காமலேயே அது அப்படிக் காட்டும். சாவி (இரு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் காணும் குறியீடு) தவறாக இருந்தால் மறுமுனை மறுப்புகூடச் சொல்லாது, பேசாமல் இருந்துவிடும். 'பெறப்பட்டவை' என்ற வரியைப் பாருங்கள். பூஜ்யத்திலேயே நின்றால் பெரும்பாலும் சாவி, சர்வர் முகவரி, யூடிபி போர்ட் (சர்வரில் விபிஎன் காத்திருக்கும் வாசல் எண்) ஆகிய மூன்றில் ஒன்று தவறு. எம்டியூ கதையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

பெயரில் திறக்கவில்லை என்பதால் விபிஎன்னைத் திட்டுவது

ஐபி முகவரி எண்ணில் திறந்து பாருங்கள். திறந்தால் டிஎன்எஸ், அதாவது பெயரை எண்ணாக மாற்றும் சேவை, கோளாறு. பிரவுசருக்குள் 'பாதுகாப்பான டிஎன்எஸ்' இயங்கினால் அலுவலகத்தின் உள்பெயர்கள் அதற்குத் தெரியாது, அணைத்துவிட்டுப் பாருங்கள்.

டிசிபிக்கு மாற்றிவிட்டு அப்படியே விட்டுவிடுவது

ஓபன்விபிஎன் யூடிபி 1194-இல் வரவில்லையென்றால் டிசிபி 443-இல் சோதிப்பது நல்லதுதான். ஆனால் டிசிபி தொலைந்த பாக்கெட்டை மறுபடி அனுப்பும், யூடிபி அப்படிச் செய்யாது. டிசிபிக்குள் டிசிபி ஓடும்போது, ஒரு பாக்கெட் தொலைந்தால் உள்ளிருப்பதும் வெளியிலிருப்பதும் தனித்தனியே மறுபடி அனுப்பத் தொடங்கும். லைன் கொஞ்சம் மோசமானாலும் எல்லாம் ஊர்ந்துவிடும். வேறு வழி இல்லாத இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் விபிஎன் சர்வர் வைத்து, போர்ட் திறந்துகொண்டே இருப்பது

ரூட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அதற்கு அப்பால் இருக்கும் பொது முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள், நீங்கள் திறக்கும் போர்ட் வெளியே தெரியாது. பொது ஐபி கேளுங்கள், அல்லது ஐபிவி6 பயன்படுத்துங்கள்.

கடிகாரம்

சரிபாருங்கள். விபிஎன்னின் பாதுகாப்புச் சான்றிதழும், உள்நுழையக் கேட்கும் 30 நொடிக்கு ஒருமுறை மாறும் குறியீடும் அதை நம்பித்தான் இருக்கின்றன.

ஒரே நேரத்தில் இரண்டு விபிஎன்

ஒன்றை அணையுங்கள்.

ரூட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்வது

வேண்டாம். பிபிபிஓஇ பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அதோடு அழிந்துபோகும். அப்புறம் விபிஎன் மட்டுமல்ல, இணையமே இருக்காது.